பப்பியும் கொசுறும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. எழுத உக்காந்தாலும் "மீட்டிங் இருக்கு, வா"ன்னு பொட்டி கத்தும். இன்னிக்கு லீவு போட்டுட்டு எழுதறேன்.

விஷயம் எங்க வீட்டு நாயைப் பத்தி. நாய் பிடிக்காதவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். ஆனா இதுல எங்கப்பாவும் வர்றாரு. அவருக்காகவாவது கொஞ்சம் இருங்க.

எங்க வீடு கோயமுத்தூர் சிங்காநல்லூர். 2018ல நான் வேலை கிடைச்சு பெங்களூரு கிளம்பின மாசம், மாமா ஒருத்தர் ஒரு லேப்ரடார் குட்டியைக் கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. நல்ல பேரா யோசிச்சு வைக்கற வரைக்கும் பப்பின்னு கூப்பிடலாம்னு முடிவு பண்ணினோம். இன்னும் யோசிச்சுட்டே இருக்கோம். அதனால 44 கிலோ எடையில ஒரு ஜீவன் பப்பிங்கற பேரோட எங்க வீட்டுல உலாத்திட்டு இருந்துச்சு. தெருவுல போறவங்க "எத்தனை குட்டிங்க வயித்துல?"ன்னு அப்பாவை நின்னு விசாரிப்பாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே "எல்லாம் சோத்துக் குட்டிங்க"ன்னு சொல்லுவாரு. எங்களுக்கும் அது காமெடியாத்தான் இருந்துச்சு, 2024 பொங்கல் வரைக்கும்.

அன்னிக்குக் காலைல மொட்டை மாடில பொங்கல் வைக்க எல்லாரும் மேல போயிட்டோம். பப்பியும் பின்னாடியே ஏற ஆரம்பிச்சுது. பாதிப் படியில உக்காந்துடுச்சு. மேல ஏறவும் முடியல, கீழ இறங்கவும் முடியல. நாக்கு ஒரு முழம் வெளிய தொங்குது. மூச்சு வாங்கற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேக்குது. நானும் மாமாவும் போர்வையைத் தூளி மாதிரி பிடிச்சு அதைக் கீழ இறக்கினோம். அப்பா கரண்டியோட படியிலயே நின்னுட்டு இருந்தாரு. பொங்கல் பொங்கினப்ப "பொங்கலோ பொங்கல்" சொல்லக்கூட அவரு மேல வரல.

மறுநாள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். எடை 44.2 கிலோ. பின்னங்கால் முட்டில தேய்மானம். தைராய்டு கம்மியா இருந்தாலும் நாய் குண்டாகும்னு ரத்தம் எடுத்துப் பாத்தாரு. அது நார்மல். அப்புறம் எங்க கையைப் பிடிச்சு பப்பி நெஞ்சுல வெச்சு, "விலா எலும்பு தட்டுப்படுதா?"ன்னு கேட்டாரு. மெத்தைதான் தட்டுப்பட்டுச்சு. சரியான எடையில இருக்கற நாய்க்கு லேசாத் தடவினாலே விலா எலும்பு கையில படணுமாம். மேல இருந்து பாத்தா இடுப்பு தெரியணுமாம். உடம்புக்கு 1லேருந்து 9 வரைக்கும் மார்க் போடுவாங்க. 4, 5 வாங்கினா பாஸ். பப்பி வாங்கினது 8. எங்க குடும்பத்துல இவ்வளவு மார்க் வாங்கி யாரும் திட்டு வாங்கினதில்லை :-)

"30 கிலோவுக்கு வந்தாத்தான் கால் பொழைக்கும். மாத்திரை நான் தருவேன். எடையை நீங்கதான் குறைக்கணும்"னு சொல்லி அனுப்பிட்டாரு.

நமக்குத்தான் இன்ஜினியர்ங்கற திமிர் இருக்கே. ராத்திரியே எக்செல்லைத் திறந்து உக்காந்தேன். அம்மாகிட்ட கேட்டுக் கேட்டு பப்பியோட ஒரு நாள் மெனுவை எழுதினேன். காலைல பால் ஒரு டம்ளர், இட்லி மூணு. மத்தியானம் நெய் விட்ட சோறு அரை கிலோ, தயிர். ராத்திரி மறுபடி சோறு. நடுவுல பிஸ்கட் எட்டு. ஒரு பிஸ்கட்டே சுமார் 25 கலோரி. கூட்டிப் பாத்தா 1,800 கலோரிக்கு மேல வருது. இளைக்க வேண்டிய நாய்க்குக் கணக்கு என்னன்னா, வர வேண்டிய எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல பெருக்கணும். 30 கிலோவுக்கு அது 900 கலோரி. அதாவது பப்பி சாப்பிட்டது கரெக்டா டபுள்.

அப்பத்தான் பச்சைக் கறி சமாச்சாரத்துல மாட்டினேன். பெங்களூருல கூட வேலை செய்யறவன் அவன் நாய்க்கு அதைத்தான் போடறான். ஆஸ்திரேலியாவுல இயன் பில்லிங்ஹர்ஸ்ட்னு ஒரு கால்நடை மருத்துவர் 1993ல புத்தகம் எழுதிப் பிரபலப்படுத்தின முறை. வேக வைக்காத கறி, எலும்பு, உள்ளுறுப்பு. பிற்பாடு வந்தவங்க அதுக்கு 80:10:10னு ஒரு விகிதமும் வெச்சாங்க. எண்பது சதவீதம் சதை, பத்து எலும்பு, மிச்சம் பத்துல பாதி ஈரல், பாதி மத்த உறுப்பு. இளைக்கணும்னா, வர வேண்டிய எடையில ரெண்டு சதவீதம். பப்பிக்கு ஒரு நாளைக்கு 600 கிராம். விகிதம், சதவீதம்னு வந்தா நம்மாளுக்கு சாமி வந்துடும்ல. ஒரே நாள்ல பக்தனாயிட்டேன்.

டாக்டருக்குப் போன் போட்டேன். அவரு சந்தோஷப்படல. பச்சைக் கறில சால்மோனெல்லா மாதிரி கிருமி இருக்கும், நாய்க்கு ஒண்ணும் ஆகலைன்னாலும் பாத்திரத்துலேருந்தும் நாய் எச்சில்லேருந்தும் வீட்டு ஆளுங்களுக்கு வரும், ஃப்ரீசர்ல வெச்சாலும் அது சாகாதுன்னாரு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமே 2012லேருந்து பச்சைக் கறி வேண்டாம்னுதான் சொல்லுது. "நாய் ஓநாய் வம்சந்தானே சார், சோறு எப்படிச் சேரும்?"னு நான் படிச்சதை எடுத்து விட்டேன். மனுஷன் கூட இருந்து இருந்து மாவுச்சத்தைச் செரிக்கற மரபணு நாய்க்கு ஓநாயைவிடப் பல மடங்கு கூடியிருக்குன்னு 2013லயே ஸ்வீடன்காரங்க கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்லி என் வாயை அடைச்சாரு. ஆனாலும் நான் விடல. கடைசில "சரி, தனிப் பாத்திரம், தனிக் கத்தி, ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். எலும்பை மட்டும் எந்தக் காலத்துலயும் வேக வெச்சுப் போட்றாதீங்க. வெந்த எலும்பு சிலாம்பா ஒடைஞ்சு குடலைக் கிழிச்சிடும்"னு நிபந்தனை போட்டாரு.

கறிக்கடை அண்ணன்கிட்ட கணக்கு ஆரம்பிச்சேன். தோல் எடுத்த கோழி, கழுத்து, ஈரல், வாரத்துல ரெண்டு நாள் ஆட்டுச் சுவரொட்டி. "வீட்டுல யாருக்கு ரத்தம் கம்மிங்க?"ன்னு கேட்டாரு. நாய்க்குன்னதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

இப்ப அடுத்த சிக்கல். 600 கிராமை நிறுக்கணுமே. வீட்டுல தராசு இருக்கு. எப்படின்னா, எங்கப்பா 28 வருஷம் மளிகைக் கடை வெச்சிருந்தவர். 1993ல ஆரம்பிச்சது. 2021ல ரெண்டாவது லாக்டவுனுக்கு அப்புறம் மூடிட்டோம். ரேக்கு, டப்பா எல்லாத்தையும் வித்தாரு. எலெக்ட்ரானிக் தராசையும் மூட்டை நிறுக்கற பெரிய மெஷினையும் மட்டும் விக்கல. துணி போட்டு மூடி முன் ரூம்ல வெச்சிருக்காரு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு சந்தனம், குங்குமம் உண்டு.

"அதுலயா கோழிக் கழுத்தை வெப்பே?"ன்னு கேட்டாரு. குரலை உசத்தல. ஆனா அதுக்கு மேல பேச முடியல. நான் ஆன்லைன்ல ஒரு சமையலறைத் தராசு வாங்கிக் கொடுத்துட்டு பெங்களூரு வந்துட்டேன். மூட்டை மெஷின்ல பப்பியை ஏத்தி வாரா வாரம் எடை பாக்க மட்டும் ஒத்துக்கிட்டாரு. "அவ மூட்டைதானே" அப்படின்னாரு.

முதல் வாரம் வயித்துப்போக்கு. சோத்துலேருந்து ஒரே நாள்ல மாத்தினது என் தப்பு. பத்து நாளாவது எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தியிருக்கணும். அடுத்து நேர் எதிர். கழுத்து அதிகமாப் போயி வெள்ளைச் சாக்பீஸ் மாதிரி போக ஆரம்பிச்சுது. எலும்பு ஜாஸ்தின்னு அர்த்தம். கழுத்துல சதையும் சேர்ந்துதானே இருக்கும். 60 கிராம் எலும்பு வேணும்னா சுமார் 150 கிராம் கழுத்து போதும். நான் சதையைத் தனியா வெச்சுட்டு மொத்தத்தையும் தப்பாக் கூட்டியிருந்தேன். திருத்தினேன். எல்லாம் செட் ஆச்சு.

அஞ்சு வாரம் கழிச்சு எடை 44 கிலோ. இருநூறு கிராம்தான் குறைஞ்சிருந்துச்சு.

பொட்டி தட்டற எல்லாருக்கும் இந்த நிலைமை தெரியும். இன்புட் சரி. லாஜிக் சரி. அவுட்புட் மட்டும் வரமாட்டேங்குது. அப்படின்னா எங்கயோ லீக். லேப்ரடார்கள்ல கால்வாசிக்கு போம்க்ங்கற மரபணுவுல ஒரு துண்டு காணாமப் போயிருக்கும், அதனால அதுக்கு எப்பப் பாத்தாலும் பசிக்கும்னு கேம்பிரிட்ஜ்காரங்க 2016ல எழுதியிருந்தாங்க. சும்மா இருக்கறப்ப அதுங்க உடம்பு செலவழிக்கறதும் கால்வாசி கம்மின்னு 2024ல அவங்களே சொன்னாங்க. சரி, பப்பிக்கும் அந்தக் கோளாறுதான்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமக் கொள்ளாம ராத்திரி பஸ் பிடிச்சு ஊருக்குப் போனேன். விடியக்காலைல வந்து இறங்கி, பின்வாசல் வழியா உள்ள போறேன். துணி துவைக்கற கல்லு மேல அப்பா. கீழ பப்பி. கையில பிஸ்கட் பாக்கெட். "இந்தா சாமி, மெதுவா. இன்னொண்ணு வேணுமா?"

எனக்கு வந்துச்சே கோவம். அம்மா எந்திரிச்சு வர்ற அளவுக்குக் கத்திட்டேன். மாசம் நாலாயிரம் ரூவா கறிக்குப் போகுது, டாக்டர் சொன்னது காதுல விழலையா, அதைக் கொல்லப் பாக்கறீங்களான்னு. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக்கூடாது.

அப்பா பாக்கெட்டை மடிச்சு சட்டைப் பையில வெச்சாரு. கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னாரு.

"எட்டணாவுக்குக் கடுகு வாங்க வர்ற புள்ளைக்குக்கூட ரெண்டு பொட்டுக்கடலை கையில கொடுத்துத்தான் அனுப்பிச்சிருக்கேன். இருவத்தெட்டு வருஷத்துல ஒருத்தரைக் கொசுறு இல்லாம அனுப்பினதில்ல. நீ என்னடான்னா நிறுத்துப் போட்டுட்டு எந்திரிச்சு வான்னு சொல்றே. அவ தட்டைக் காலி பண்ணிட்டு என் கையைப் பாக்கறாடா. நான் என்ன பண்ணட்டும்?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நான் பெங்களூருல. அக்கா 2022ல கல்யாணமாகி சென்னைல. கடையும் இல்ல. காலைல ஆறு மணிக்கு ஷட்டர் தூக்கிப் பழகின மனுஷன் இப்பவும் ஆறு மணிக்கு எந்திரிக்கறாரு. எந்திரிச்சா எதிர்ல வந்து நிக்கறது பப்பி மட்டுந்தான். அவர் கையைப் பாத்துட்டு நிக்குது. என் எக்செல் ஷீட்டுல இதுக்கு ஒரு காலம் இல்லவே இல்ல.

மத்தியானம் சாப்பிடறப்ப சும்மா பேச்சை மாத்தறதுக்காகக் கேட்டேன். "ஏம்ப்பா, இத்தனை வருஷம் கொசுறு கொடுத்தீங்களே, கடைக்கு நட்டமாகலியா?"

அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "எப்படி நட்டமாகும்? கொசுறையும் சேத்தித்தானே மொதல்லயே வெல போடுவேன்."

எனக்கு சோறு இறங்கல. விடை அதுதானே! கொசுறு தப்பில்ல. கொசுறைக் கணக்குக்கு வெளிய வெச்சதுதான் தப்பு. "அப்ப பப்பிக்கும் அப்படியே போடலாமேப்பா. தட்டுல 550. கையில 50. மொத்தம் 600 தாண்டக்கூடாது"ன்னேன். ரசத்தை ஊத்திக்கிட்டே யோசிச்சாரு. "அம்பதை எத்தனை தடவையாக் கொடுக்கலாம்?"னு கேட்டாரு. "எத்தனை தடவை வேணும்னாலும்." "அப்பச் சரி."

அந்த 50 கிராமை மட்டும் எலும்பில்லாத நெஞ்சுக்கறியா வேக வெச்சு, சுண்டல் அளவுக்கு நறுக்கி ஒரு சின்ன டப்பாவுல போட்டு வெச்சுக்குவாரு. பச்சைக் கறியைச் சட்டைப் பையில வெச்சுட்டுச் சுத்த முடியாதில்ல. மறுநாள் நான் கிளம்பறப்ப முன் ரூம்ல துணியை விலக்கற சத்தம் கேட்டுச்சு. கடைத் தராசைத் தூக்கிட்டு வந்து பின்வாசல் திண்ணையில வெச்சாரு. "நீ வாங்கித் தந்தது அஞ்சு கிராம் முன்னப் பின்னக் காட்டுது"ன்னு ஒரே வரிதான் சொன்னாரு. தட்டு மேல ஒரு பிளாஸ்டிக் கவர் விரிச்சு, அதுக்கு மேல கிண்ணம் வெச்சு, கிண்ணத்தோட எடையைக் கழிச்சு, கழுத்தை வெச்சாரு. விரல் தானா ஆடாம நிக்குது. பழைய கணக்கு நோட்டுல பிள்ளையார் சுழி போட்டு "பப்பி"ன்னு பேரெழுதி ஒரு பக்கம் ஆரம்பிச்சாரு. என் எக்செல்லுக்கு அன்னியோட ரிட்டயர்மெண்ட்.

அடுத்த வாரம் 43.6. அதுக்கடுத்து 43.3. ஜூன் நடுவுல 38.6. வாரத்துக்கு உடம்பு எடையில ஒரு சதவீதம் குறைஞ்சா நல்லது, ரெண்டைத் தாண்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதுக்குள்ளதான் இருந்துச்சு. நான் நண்பர்கள்கிட்ட எல்லாம் பச்சைக் கறி பெருமையை அளந்து விட்டுட்டு இருந்தேன்.

ஜூன்ல அக்கா பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தா. டாக்டர் இந்தத் தடவை நிபந்தனை எல்லாம் போடல. "கர்ப்பிணி இருக்கற வீடு. அடுத்து பச்சைக் குழந்தை வரப் போகுது. இனிமே பச்சைக் கறி வேண்டாம்"னு ஒரே வார்த்தை. நான் மட்டும் கொஞ்சம் முனகினேன். எலும்பை நிறுத்திட்டு, எலும்பில்லாத கறியை வேக வெச்சு, கூட பூசணிக்காய், பீன்ஸ், டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம், விட்டமின் பொடி. அளவு மட்டும் அதே கலோரிக் கணக்கு. அதே தராசு. அதே கொசுறு டப்பா. வேகற வாசம் வந்தா அக்கா வந்து எட்டிப் பாத்துட்டு "எனக்குக்கூட இப்படி நிறுத்துப் போட மாட்டேங்கறீங்களே"ன்னு சண்டை பிடிப்பா.

அக்டோபர் கடைசில எடை 33.4.

அதாவது பச்சையா இருந்தப்பவும் குறைஞ்சுது. வெந்தப்பவும் குறைஞ்சுது. முதல் அஞ்சு வாரம் முழுப் பச்சை, அப்ப மட்டும் குறையல. இவ்வளவு நாள் நான் கும்பிட்ட சாமி வேற, வரம் கொடுத்த சாமி வேற. பச்சைக் கறி எங்களுக்குச் செஞ்ச ஒரே உபகாரம், அதைக் கண்ணால பாத்து அள்ளிப் போட முடியாம நிறுக்க வெச்சதுதான். சோத்தைக் கரண்டியில போட்டோம், அன்பையும் கரண்டியில போட்டோம், ரெண்டுக்கும் கணக்கே இல்லாமப் போச்சு. அமெரிக்காவுல 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாப் பிரிச்சு, ஒண்ணுக்குப் போடறதுல கால்வாசியைக் குறைச்சு இன்னொண்ணுக்குப் போட்டு வளர்த்தாங்க. 2002ல முடிவு வந்துச்சு. குறைச்சுச் சாப்பிட்டது கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூட வாழ்ந்துச்சு. அந்த ரெண்டு வருஷத்தை நான் அப்பாகிட்ட சொன்னப்ப அவரு ஒண்ணும் சொல்லல. நோட்டுல எங்கயோ குறிச்சுக்கிட்டாரு.

2025 பொங்கலுக்குப் பப்பி 31.8 கிலோ. படியில மெதுவா, நடுவுல ஒரு தடவை நின்னு, மொட்டை மாடிக்கு வந்துடுச்சு. முட்டித் தேய்மானம் போகாது. மாத்திரை இன்னும் உண்டு. ஆனா தூளி தேவைப்படல. அக்கா பையனைத் தோள்ல போட்டுக்கிட்டு அப்பா பொங்கலைக் கிண்டினாரு.

அதுக்கு முந்தி நடந்த ஒண்ணைச் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு நான் வீட்டுலதான் இருந்தேன். தராசைக் கழுவித் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, நடுவீட்டுல வெச்சிருந்தாங்க. எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான், இத்தனை மாசம் கறி நிறுத்த தராசாச்சேன்னு. அப்பாவுக்கு அப்படி ஒண்ணும் இருந்த மாதிரி தெரியல. கற்பூரம் காட்டினாரு. எல்லாருக்கும் பொரி கொடுத்தாரு. பப்பி அவர் கையையே பாத்துட்டு உக்காந்திருந்துச்சு. ஒரு கை பொரி அள்ளினவரு, அப்படியே தராசு மேல வெச்சாரு. எட்டு கிராம். பப்பிக்கு ஊட்டி விட்டுட்டு என்னைப் பாத்து சொன்னாரு.

"நோட்டுல எழுதிக்கோ."

பி.கு: உங்க வீட்டுலயும் ஒரு குண்டு பப்பி இருந்தா, முதல்ல டாக்டர்கிட்ட காட்டி தைராய்டு பாருங்க. அப்புறம் யாரு என்ன கொசுறு கொடுக்கறாங்கன்னு பாருங்க. திட்டாமக் கேளுங்க. நான் திட்டினது இன்னும் உறுத்துது. உங்க வீட்டுக் கதை இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டறேன்.